வளைவில் இருந்த புதர்

தம்பி,

நீ இல்லாத நேரத்தில் உன் மாடி அறைக்குள் நான் போய் வந்தது உனக்குத் தெரியும். தெரிந்தும் இந்தப் பதினைந்து நாளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோர் ஊற்றச் சொல்கிறாய், மண்டபத்துக்காரர் போன் பண்ணினாரா என்கிறாய், போகிற போக்கில் என் மூக்குக் கண்ணாடியை எடுத்து உன் சட்டை நுனியில் துடைத்து வைத்துவிட்டுப் போகிறாய். இவ்வளவு நடந்தும் ஒருவன் கேட்காமல் இருந்தால், அவன் மனசில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். என் புத்தி அப்படி. அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். அது முடிந்து ஒரு வாரத்தில் மருமகள் வேலை பார்க்கிற ஓசூருக்கு இரண்டு பேரும் போகிறீர்கள். உன் எட்டடிப் பலகையும், அதன்மேல் நீ கட்டிய பொம்மை ரயில் பாதையும் டெம்போவில் பின்னாலேயே வரும். அது இந்த வீட்டைவிட்டுப் போவதற்குள் நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நேரில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது போன வருஷம் ஆடி மாதத்தில். முதலில் காணாமல் போனது டீ வடிகட்டி. உன் அம்மா பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினாள். அப்புறம் கொசு அடிக்கிற பேட் போனது. பிறகு ஒரு நாள் சட்னியில் ஏதோ பச்சை வாடை அடித்தது. “மிக்ஸில இன்னாடா போட்டு அரைச்ச?” என்று அவள் கேட்க, “காஞ்ச எலம்மா, கழுவித்தான் வெச்சேன்” என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு லீவு விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போகிறான். சாயங்காலம் பை நிறைய காய்ந்த இலையும் வேரும் கொண்டு வருகிறான். மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கிறான், சலிக்கிறான், டப்பாவில் போட்டு மூடுகிறான். இந்த ஊரில் எந்தத் தகப்பன் இதை நல்லதாக நினைப்பான், நீயே சொல். போதாததற்கு உன் அறையிலிருந்து ஸ்பிரிட் வாடை வந்தது. கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து வீட்டுக்கு வீடு பாடை கட்டியதைப் பார்த்த பிறகு அந்த வாடை மூக்கில் பட்டால் நம் ஊர்க்காரன் எவனும் சும்மா இருக்கமாட்டான். நான் உன் சட்டையை மோந்து பார்த்தேன். உன் கடைக்கு எதிரே டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்து யார் யார் வந்து போகிறார்கள் என்று பார்த்தேன். மலையில் யாராவது பெண் இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்ன, இருந்துவிட்டால் பரவாயில்லை, அந்தப் பாழாய்ப்போன சாமானாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் நீயே கூப்பிட்டுக் காட்டினாய். “வாப்பா, பாரு” என்று கதவைத் திறந்தபோது எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. தெர்மாக்கோல் மேடு, தண்டவாளம், ஓட்டு வீடு மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷன். அவ்வளவுதானா என்று மனசு லேசானது. அடுத்த நிமிஷம் குனிந்து பார்த்தேன். தண்டவாளம் முழுக்கப் புல். கட்டைக்கு நடுவில் புல், கைகாட்டிக் கம்பத்தில் கொடி, பிளாட்பாரத்து விரிசலில் குப்பைமேனி. முப்பத்திரண்டு வருஷம் கேங்மேனாகவும் கீமேனாகவும் தண்டவாளத்தில் புல் முளைக்காமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவன் நான். என் மகன் மெனக்கெட்டுத் தண்டவாளம் போட்டு, அதில் மெனக்கெட்டுப் புல் நடுகிறான். “இன்னாடா இது, என் மானத்த வாங்கறதுக்குன்னே செஞ்சியா? இந்த லட்சணத்துல லைன வெச்சிருந்தா எங்க இன்ஸ்பெக்டரு அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு” என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. “சுத்தமா இருக்கற ஸ்டேஷன யாரு வேணா செய்யலாம்பா. ஆளு வராத லைனு எப்டி இருக்கும்னு செய்றதுதான் கஷ்டம்” என்றாய்.

பிறகு நீ செய்து காட்டினாய். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி, சாயத்தில் தோய்த்துக் காயவைத்து, காணாமல் போன அந்த வடிகட்டியில் போட்டாய். வடிகட்டியில் கொசு பேட்டின் கம்பியை இணைத்திருந்தாய். பசை தடவிய இடத்துக்கு மேலே பிடித்து ஆட்டினதும் அந்தக் கரண்டில் நார் ஒவ்வொன்றும் சடாரென்று நிமிர்ந்து நின்றது. மழைக்கு மறுநாள் கிளம்பிய புல் தோற்றது. ஸ்பிரிட் எதற்கென்றால், அதைத் தெளித்து நனைத்தால்தான் பசைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குமாம். மண் என்பது காய்ந்த டீத்தூள். மரங்கள் எல்லாம் மலையிலிருந்து நீ கொண்டுவந்த வேர்கள், தலைகீழாக நட்டவை. நான் அசந்துதான் போனேன். ஆனால் வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் என் கௌரவம் என்னாவது? குறை கண்டுபிடித்தேன். “எருக்கு இங்க வராது. ஜல்லி நடுவுல அதுக்கு மண்ணு பத்தாது, ஓரத்துலதான் வரும். ஆளு நடக்கற தடத்துல நெருஞ்சிதான் படரும், வேற எதுவும் நிக்காது. எல்லாம் ஒரே பச்சையா இருக்குது பாரு, அது தப்பு. செத்த புல்லு மேலதான் புதுப் புல்லு வரும்.” நீ ஒரு பழைய நோட்டில் அத்தனையும் எழுதிக்கொண்டாய். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் சாயங்காலம் ஆனால் நான் மாடிக்கு வந்து உட்கார்ந்தேன். நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் சண்டை போடாமல் இவ்வளவு நேரம் இருந்தது அதற்கு முன் இல்லை. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அப்போதே எனக்கு இன்னொரு சந்தேகம் பிடித்துவிட்டது. நீ செய்தது நான் வேலை பார்த்த பழைய ஸ்டேஷன் என்பதால் என்னென்னவோ கேட்பாய். தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், கைகாட்டி என்ன உயரம், நல்லது. ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் ஸ்டேஷனுக்குத் தெற்கே அந்த வளைவிலும், அதைத் தாண்டி ரோடு குறுக்கே போகிற ஆளில்லாத கேட்டிலும் வந்துதான் நிற்பாய். “அங்க வளைவு உள்பக்கம் இன்னாப்பா இருந்துது? வெறும் மேடா?” என்பாய். வெறும் மேடுதான் என்று சொன்னேன். பெரிய லைனாக மாற்றியபோது அந்த வளைவையே நிமிர்த்திவிட்டார்கள். கேட்டும் இல்லை, இப்போது அடியில் பாலம் போட்டு வண்டி போகிறது. மீட்டர் கேஜ் என்ற பழைய சின்ன லைன் அங்கே இருந்தபோது நீ அந்தப் பக்கம் வந்ததே இல்லை. போட்டோ கிடையாது. பின்னே எதற்கு இவன் அதையே தோண்டுகிறான்? யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன்.

பதினைந்து நாளைக்கு முன்னால் நீ பத்திரிகை வைக்கச் சங்கராபுரம் போயிருந்தாய். உன் அம்மாவும் உன்னோடு வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அவள் ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போனேன். சும்மா போகவில்லை தம்பி, துப்புப் பார்க்கத்தான் போனேன். வளைவைப் பார்த்தேன். உள்பக்கத்தில், நான் வெறும் மேடு என்று சொன்ன அதே இடத்தில், ஒரு புதர் நின்றது. சீமைக் கருவேலம். அடியில் நாலைந்து கிளை பிரிந்து, தண்டவாளத்துப் பக்கம் சாய்ந்து, குடை மாதிரி கவிந்திருந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கிளையில் இரண்டு டிபன் கேரியர் தொங்கியது. உளுந்து அளவுகூட இருக்காது. ஒன்று மூன்றடுக்கு, ஒன்று இரண்டடுக்கு. அப்படியே உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இரண்டடுக்குக் கேரியர் என்னுடையது. மூன்றடுக்கு கோவிந்தனுடையது. கோவிந்தன் யார் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாமலே உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன். அவனும் நானும் ஒரே கேங்கில் வேலை பார்த்தோம். மலைக்காரன். என்னைவிட நாலு வருஷம் மூத்தவன், வேலையிலும் எனக்கு முன்னால் சேர்ந்தவன். அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டருக்கு ஒதுங்க நிழல் கிடையாது, அந்தப் புதர் ஒன்றுதான். கேரியரை அதில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவோம். பன்னிரண்டரைக்கு அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவன் கொண்டுவரும் சாமைச் சோறு எனக்கு, என் புளிக்குழம்பு அவனுக்கு. மழைக்குப் பிறகு பாதையோரத்துப் புதர்களை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மேஸ்திரி வளைவின் உள்பக்கத்தை எனக்கும் வெளிப்பக்கத்தைக் கோவிந்தனுக்கும் பிரித்துக் கொடுத்தார். வாய்ச் சொல்தான், எழுதி வைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் வெட்டினேன், அந்த ஒன்றை விட்டேன். “யோவ், அது கண்ண மறைக்குது, வெட்டிடு” என்றான் கோவிந்தன். “வெட்டிட்டு வெயில்லயா துன்ன சொல்ற? பங்குனி போவட்டும், வெட்டிக்கலாம்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

பங்குனி போகவில்லை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி அந்தக் கேட்டைத் தாண்டியது. வண்டிக்காரருக்கு ரயில் தெரியவில்லை, டிரைவருக்கு வண்டி தெரியவில்லை. நடுவில் நின்றது நான் வெட்டாத புதர். ஒரு மாடு அங்கேயே போனது. வண்டிக்காரருக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போனது. நாங்கள் ஓடிப் போனபோது கரும்புக் கட்டுகள் தண்டவாளம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவர் மாட்டைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். விசாரணைக்கு வந்தவர்கள் அந்தப் புதரைப் பார்த்தார்கள், அதில் தொங்கிய கேரியர்களை நாங்கள் அதற்குள் எடுத்துவிட்டோம். மேஸ்திரி மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். “உள்பக்கம் யாருக்குக் கொடுத்தது?” என்று கேட்டார்கள். என் பக்கத்தில் கோவிந்தன் நின்றான். உனக்கு அப்போது மூன்று வயசு, வேலை போய்விட்டால் என்று ஒரு பயம். அந்தப் பயத்தை நியாயம் என்று சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். “கோவிந்தன் பக்கம் சார்” என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பான், மறுப்பான் என்று காத்திருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அவனை எங்கோ ஆந்திரா எல்லைக்கு மாற்றினார்கள், பதவி உயர்வை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் அவனுக்கு வரவேண்டிய கீமேன் வேலை எனக்கு வந்தது. கீமேன் என்றால் தினமும் தண்டவாளத்தோடு நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்குகிற ஒவ்வொரு சாவியையும் சுத்தியலால் தட்டி, எது ஆடுகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடிக்கிறவன். அந்த வேலைதான் என்னைச் சந்தேகக்காரனாக்கியது என்று உன் அம்மா எல்லாரிடமும் சொல்லுவாள். “சோத்த போட்டாக்கூட தட்டிப் பாத்துட்டுதான் துன்னுவாரு” என்று கிண்டல் செய்வாள். நானும் அதை ஒத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். அது பொய், தம்பி. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நான் அப்படி ஆகிவிட்டேன். இரண்டு பேர் தள்ளி நின்று பேசினால் அந்தப் புதரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிரிக்காமல் போனாலும் தெரிந்திருக்கிறது. இப்படியே வருஷங்கள் போயின. மறைக்க ஒன்று இருக்கிறவனுக்கு ஊரில் எல்லாரும் எதையோ மறைக்கிற மாதிரியே தெரியும். நான் உன்னை, உன் அம்மாவை, அக்கம்பக்கத்தை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தது அதனால்தான்.

நீ ஏழாவது படிக்கும்போது நோட்டின் பின்னட்டையில் ஒரு படம் போட்டாய். ஒரு ரயில், ஒரு மாட்டு வண்டி. எல்லாப் பிள்ளைகளும் போடுகிற படம்தான். நான் அதைக் கிழித்துப்போட்டு, “படிக்கிற நோட்டுல படம் இன்னாடா படம்” என்று பெல்ட்டால் அடித்தேன். இரண்டு நாள் நீ உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டாய். உன் அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. யார் சொல்லி இவன் இதை வரைந்தான் என்ற ஒரே கேள்விதான் அன்றைக்கு என் மண்டையில் ஓடியது. ஏழாம் வகுப்புப் பிள்ளையைச் சந்தேகப்பட்டு அடித்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். உன் மாமனாரையும் நான் விடவில்லை. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் விசாரித்து விசாரித்து, மனுஷன் டீயில் சர்க்கரை கம்மியாகப் போட்டுக்கொள்வார் என்பதைத் தவிர ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கும், ஏன் கம்மியாகப் போடுகிறார், வியாதியை மறைக்கிறார்களா என்று யோசித்தவன் நான். நீ அப்படி ஆகாதே. மருமகள் லேட்டாக வந்தால் பஸ் லேட் என்று நினை. போனில் தள்ளிப் போய்ப் பேசினால் அங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது என்று நினை. அதற்கு மேல் ஒன்று தோன்றினால், நாம் எதையாவது அவளிடம் மறைத்திருக்கிறோமா என்று முதலில் பார்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு வருகிறேன். உன் நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு உன் டப்பாவிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தேன். புதரைக் கிளை கிளையாக வெட்டினேன். அடித்தண்டு கெட்டியாக இருந்தது, நகவெட்டியால் நெருக்கி அறுத்தேன். கை அந்த வேலையை மறக்கவில்லை, கீழ்க்கிளையை முதலில் எடுத்துவிட்டுத்தான் தண்டுக்கு வந்தது. வெட்டியதை எல்லாம் வழித்து ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கேரியர் இரண்டையும் மட்டும் தூக்கிப்போட மனசு வரவில்லை, உன் பசை டப்பா மூடியில் வைத்துவிட்டு இறங்கினேன். அறுபத்தைந்து வயசில், பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில், முப்பது வருஷம் கழித்து அந்தப் புதரை வெட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் நீ கடைக்குப் போன பிறகு மறுபடி ஏறிப் பார்த்தேன். நீ புதரைத் திரும்ப வைக்கவில்லை. அந்த இடத்தில் அரை விரல் உயரத்துக்கு ஒரு வெட்டிய கட்டை. மேல் பக்கத்தில் அப்போதுதான் அரிவாள் பட்ட மாதிரி வெள்ளைச் சாயம். பக்கத்தில் வெட்டிப்போட்ட முள் கிளைகளின் குவியல். அந்தக் கட்டையின்மேல் இரண்டு கேரியர். இவன் எல்லாம் தெரிந்துகொண்டு, அன்றைக்கு வெட்டாமல் இப்போது வெட்டினாயே என்று எனக்குக் காட்டுகிறான் என்று நினைத்தேன். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. கோவிந்தன் மலைக்காரன். ரிட்டயர் ஆனால் அவன் வேறு எங்கே போவான்?

புதன்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிறவரைக்கும் அவனிடம் என்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். விசாரித்துப் போனால், ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வேர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தான். உனக்காகத்தான் கழுவுகிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, வெறுமையாக இருந்த என் இரண்டு கையையும் பார்த்தான்.

“பத்திரிக வெக்க வந்தியோன்னு நெனச்சேன். கைய வீசிக்கினு வந்துக்கிற” என்றான்.

“எம் பையன்கிட்ட இன்னா சொன்ன?” என்றேன். முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவனிடம் என் முதல் வார்த்தை அதுதான்.

“வேரு பொறுக்கிக்கினு இருந்தான். எதுக்குடான்னு கேட்டேன், ரயிலு செய்றேன்னான். நானும் ரயில்லதான் இருந்தேன்னேன். ஒம் பேர சொன்னான். அப்பறம் வாரா வாரம் வந்து ஒக்காந்துக்கினு, வளைவு எப்டி இருந்துது, கேட்டு எப்டி இருந்துதுன்னு கேப்பான். கேரியரு மாட்ற புதரு ஒண்ணு இருந்துது, ஒங்க அப்பாவும் நானும் அதுக்கு அடியிலதான் துன்னுவோம்னு சொன்னேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா? அவ்ளோதான்.”

“வண்டி மோதினது?”

“அத்த எதுக்கு நான் சொல்றேன்? அது நீ சொல்ல வேண்டியது.”

“நெஜமா சொல்லல?”

“நீ எத்த நம்பியிருக்க, இத்த நம்பறதுக்கு?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீரை உதறிக்கொண்டே சொன்னான். பிறகு அவனே தொடர்ந்தான். “கல்யாணத்துல நான் திடீர்னு வந்து நிக்கணுமாம். அப்பாவுக்கு சிநேகிதன்னு ஒருத்தருமே இல்ல, ஒங்கள பாத்தா சந்தோஷப்படுவாரு, அது வரிக்கும் சொல்லாதீங்கன்னான் ஒம் பையன். வர்லன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“நான் வந்து நின்னா நீ மொகத்த எங்க கொண்டுபோய் வெச்சிக்குவ?”

அங்கேயே நின்று அழுதேன், தம்பி. அவன் சமாதானமும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “நெழல்ல நானும்தான ஒக்காந்து துன்னேன்” என்றான். “வெட்டுன்னு ஒரு வாட்டி சொன்னேன். ரெண்டாவது வாட்டி சொல்லல. அந்த வண்டிக்காரரு காலப் பாத்த பொறவு, என் பக்கம் இல்லன்னு எந்த வாயால சொல்றது?” பஸ் வரும்வரைக்கும் கூடவே நடந்து வந்தான். ஏறும்போது அந்தக் கழுவிய வேரை ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். “நல்லா பிரிஞ்ச வேரு. பையன்கிட்ட குடு.”

வீட்டுக்கு வந்தும் என் புத்தி அடங்கவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். அவன் சொல்லாமல் இருந்திருப்பானா, நீ தெரியாத மாதிரி நடிக்கிறாயா என்று மூன்று நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நீ அந்தக் கட்டையை எதற்கு வைத்தாய்? என்னைக் குத்திக் காட்டவா? அல்லது, நம் அப்பா கேங்மேன், புதர் கண்ணை மறைத்தால் அவருக்குப் பொறுக்காது, அவர் வெட்டியது வெட்டியதாகவே இருக்கட்டும் என்று பிரியத்தோடு வைத்தாயா? உன் முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில், இதை உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற தகுதி எனக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். கோவிந்தன் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். நான் இப்போது வாயை மூடிக்கொண்டால் இது என்னோடு போய்விடும், உனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. முப்பது வருஷம் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். கிடைத்தும்விட்டது. ஆனால் அவன் உன் கல்யாணத்துக்கு வராமல் இருப்பது எனக்காக என்று தெரிந்த பிறகு, உன் பக்கத்தில் மணவறையில் நின்று வருகிறவர்களுக்குக் கும்பிடு போட என்னால் முடியாது.

இன்றைக்குக் காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தப் பிள்ளைய பெல்ட்டால அடிச்சீங்களே, அதுக்காவா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து போய்த் தட்டு எடுத்துவைத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை, கோவிந்தனுக்கு ஒரு வேட்டி துண்டு. நாளைக் காலை ஏழேகால் பஸ்ஸுக்கு நான் வெள்ளிமலை போகிறேன். உன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போவாய் என்றால் சந்தோஷம். வரமாட்டாய் என்றாலும், ஏன் வரவில்லை என்று ஆராயமாட்டேன். வண்டிக்காரர் இப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் வீடு எனக்குத் தெரியும், கல்யாணம் முடிந்ததும் அங்கேயும் போகவேண்டும். ஒரு நாளும் நான் அந்த வாசலை மிதித்ததில்லை.

இந்தக் கடிதத்தோடு கோவிந்தன் கொடுத்த வேரும் உன் பலகைமேல் இருக்கும். நீ ஓசூருக்குப் போவதற்குள் எனக்காக ஒன்று செய். அந்த வெட்டிய கட்டையைப் பிடுங்கி எறிந்துவிடு. ஆள் வராத லைன் எப்படி இருக்கும் என்று உள்ளது உள்ளபடி செய்வதுதான் கஷ்டம் என்றாயே, அந்தக் கட்டை பொய். அங்கே அரிவாள் படவே இல்லை. இந்த வேரைத் தண்டவாளத்துப் பக்கம் சாய்த்து நடு, அந்தப் பக்கம் இருக்கிற கேட் தெரியாமல் மறைய வேண்டும். கேரியர் இரண்டையும் அதிலேயே மாட்டு. யாராவது இது என்ன புதர் என்று கேட்டால், எங்கள் அப்பா வெட்டாமல் விட்டது என்று சொல்.

இப்படிக்கு,
அப்பா